நேற்றே சொன்னது

விபத்துக்குப் பிறகு ஆறு மாதமாக மறுவாழ்வு மருத்துவமனையில் இருக்கும் மகள் தாரணியைப் பார்க்க, செல்வராணியால் திருப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே வர முடிந்தது. மற்ற நாட்களில் கட்டில் தலைமாட்டிலிருந்த ஆலோசனைக் கருவி, செல்வராணியின் குரலிலேயே குழந்தையிடம் பேசியது. மகளைச் சேர்த்த அன்று அவள்தான் நாலு மணி நேரம் பேசிப் பதிவு செய்து கொடுத்திருந்தாள்.

"கால் வலிக்குதா கண்ணு? பயமா இருக்குதா?" அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலோரம் உட்கார்ந்து செல்வராணி கேட்டாள்.

"அதான் நேத்தே உன்கிட்ட எல்லாஞ் சொன்னேனேம்மா. அழணும்னா அழுதுக்கன்னு நீதான சொன்னே." தாரணி ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

செல்வராணி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அழாதே என்றுதான் அவளுக்குச் சொல்லத் தெரியும். வெளியே வந்து மனநல ஆலோசகரிடம், கருவியிடம் மகள் என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

"குழந்தை மனசு விட்டுச் சொன்னதை நாங்க யாருக்கும் சொல்லக் கூடாதுங்க. பெத்தவங்களுக்கும்தான்."

"என்கிட்டதானுங்க சொல்லியிருக்கா."

ஆலோசகர் கையிலிருந்த கோப்பை மூடிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மகளிடம் சொல்லிக்கொண்டு வாசல் வரை போனபோது, "அம்மா" என்று தாரணி கூப்பிட்டாள். செல்வராணி திரும்பினாள்.

தாரணி தலைமாட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

"சொல்லு கண்ணு" என்றது செல்வராணியின் குரல்.