இன்னொரு புட்டி

விடுமுறைக்கு வெளிநாடு வந்து இறங்கியதிலிருந்து கைக்குழந்தை பால் குடிக்கவில்லை. வாடகை அறையின் மூலையில் கிடந்த காலித் தொட்டிலைப் பார்த்தே அழுதது. அம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

ஒரு காலை, தூக்கக் கலக்கத்தில் இரண்டு புட்டிகளில் பால் கலந்துவிட்டாள். கைக்கு எட்டிய இடமென்று ஒன்றைத் தொட்டிலில் போட்டுவிட்டு மற்றதை நீட்டினாள். குழந்தை மடமடவென்று குடித்தது. தொட்டிலில் கிடந்ததும் காலியாகியிருந்தது.

"நீங்களா குடிச்சீங்க?"

"ஏன், எனக்கு இன்னும் பல்லு முளைக்கலையா?" என்று கணவன் சிரித்தான்.

அதன்பின் வேளைக்கு இரண்டு புட்டி கலந்தாள். பசிக்கிற வாயிடம் விசாரணை எதற்கு என்று விட்டுவிட்டாள். கிளம்பும்போது தொட்டிலில் ஒரு புட்டியை வைத்து, "கடவுளே, இதையும் பாத்துக்கோ" என்று கைகூப்பினாள்.

வீடு திரும்பியதும் குழந்தை மறுபடி புட்டியைத் தள்ளியது. தன் தொட்டிலில் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இருந்த வெற்றிடத்தையே பார்த்தது.

"வேண்டாம்டி, பயமா இருக்கு" என்றான் கணவன்.

"அதுக்குப் பசிக்குதுங்க."

அவள் இன்னொன்றைக் கலந்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, அந்த இடத்தில் வைத்தாள். குழந்தை நிம்மதியாகக் குடிக்கத் தொடங்கியது. பக்கத்துப் புட்டிக்குள்ளும் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின.