இரண்டு பேரிங்

மோட்டாரின் இரு முனையிலும் தண்டைத் தாங்கும் பேரிங் ஒவ்வொன்று இருக்கிறது. அதில் ஒன்று தேய்ந்துவிட்டது; எது என்றுதான் தெரியவில்லை. பீரங்கிப் படையிலிருந்து திரும்பிய மெக்கானிக், ஓடும் மோட்டாரின் முன்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார், பின்பக்கம் வைத்துப் பார்க்கிறார். கூடு முழுக்க ஒரே வார்ப்பிரும்பு என்பதால் அதிர்வு எங்கும் ஒன்றுபோலவே இருக்கிறது. காது கேட்பவர்கள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். இவருடைய செவிப்பறை இரண்டும் வெடியதிர்ச்சியில் கிழிந்தவை. கூரை ஓட்டை வழியே விழும் வெயில், சுழலும் தண்டின்மேல் அசையாத கோடாக நிற்கிறது.

"மாமா, எதுக்கு இந்தப் பிடிவாதம்?" பட்டறை முதலாளி காதருகே கத்துகிறார்; அவர் மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி. "வேலையை விட்டா முழு ஊனப் பென்ஷன், வேலை பார்த்தா பாதிதான். நானா இருந்தா கால்மேல கால் போட்டு உக்காந்திருப்பேன்."

"உங்க அக்கா உக்கார விடுவாளா?"

"அவ கத்துறதுதான் உங்களுக்குக் கேக்காதே!"

இருவரும் சிரிக்கிறார்கள். "இதைக் கண்டுபிடிக்க முடியலன்னா நாளைக்கே விட்டுடறேன்," என்கிறார் மெக்கானிக். இரண்டு கையாலும் மோட்டாரைப் பிடித்துக்கொள்வதற்காக, நீளமான திருப்புளியின் கைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிகிறார். அதன் நுனி முன்பக்க மூடியில் படுகிறது. அப்படியே நின்றுவிடுகிறார். தலைக்குள் மணலை அரைக்கிற கரகரப்பு. மெல்ல நகர்ந்து பின்பக்க மூடியில் நுனியை வைக்கிறார். வழுவழுப்பான ரீங்காரம் மட்டும். கிழிந்த செவிப்பறையை விட்டுவிட்டு, ஒலி பல் வழியாகவும் தாடை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. உள்காது கெடவில்லை.

திருப்புளியை வாயிலிருந்து எடுக்கிறார்.

"முன்பக்கத்ததுதான் போயிருக்கு, கழட்டு. எனக்குப் பாதி பென்ஷன் போதும்."