கோவைக்குப் போய்வந்த கிடா

"இப்பச் சந்தோசமாங்க?" கணவரைக் கேட்கும்போதே ராமாமணியின் குரல் உடைந்தது.

காரமடைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த அவர்களது பட்டியில் விடிகாலையில் சிறுத்தை புகுந்து கிடாவைக் கொன்றுவிட்டது. அந்த மலையாட்டு இனத்தில் மிஞ்சியிருந்த ஒரே கிடா அதுதான். மற்ற ஒன்பதும் பெட்டைகள்.

சுந்தரராஜுலு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"போன மாசம் எனக்குத் தெரியாம ரெண்டு வாட்டி கிடாவை வேன்ல ஏத்திக் கோயமுத்தூர் கொண்டுபோனீங்க. விலை பேசத்தானுங்க? பதினாறு வருசமா காப்பாத்துன இனம் இன்னைக்கோட முடிஞ்சுபோச்சு."

"விக்கப் போகல அம்மணி."

"பின்ன எதுக்குங்க?"

அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது. கால்நடை மருத்துவர் மௌனிகா கனமான கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

"ஐயா போன் பண்ணுனாருங்கம்மா. எந்தப் பெட்டை பருவத்துல இருக்குதுங்க?"

ராமாமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உங்க கிடாவோட விந்தை எடுத்து இந்தக் கேன்ல உறைய வெச்சிருக்கறமுங்க. நாப்பது சினை ஊசி போடலாம்."

"கேட்டா கிடாவை அனுப்ப மாட்டீன்னுதான் சொல்லாம கொண்டுபோனேன்" என்றார் சுந்தரராஜுலு.

ராமாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளைக்காலி நேத்திருந்து கத்திட்டே இருக்குதுங்க டாக்டர். புடிச்சுட்டு வாரேன்."

ஐந்து மாதம் கழித்து, பட்டிக்குள்ளிருந்து அவள் போட்ட சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"ஏனுங்க, ஓடியாங்க! ரெண்டுமே கிடாங்க!"