திரும்பி வந்தவருக்கு வேலை

“வருஷா வருஷம் இவருக்கு மட்டும் சம்பளத்தோட லீவு. இவர் வேலையையும் சேர்த்து இழுக்க நாங்க என்ன மாடா?”

ஆணித் தொழிற்சாலை வாசலில், எல்லார் காதிலும் விழ வேண்டும் என்றே சொன்னான் தகராறு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாயைத் திறந்தாலே வம்பு என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவன் சொன்னது ஃபிட்டரைத்தான். பட்டாளத்திலிருந்து வந்து இங்கே வேலைக்குச் சேர்ந்தவர். ஆனாலும் பெயர் இன்னும் ரிசர்வ் படையில் இருந்தது. கூப்பிட்டால் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும்.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு முதலாளியே வெளியே வந்துவிட்டார்.

“வாயை அடக்குடா! இவங்கள்லாம் எல்லையில நிக்கறதாலதான் நீ வீட்ல காலை நீட்டித் தூங்கற. ஃபிட்டர், நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க. உங்க வேலை எங்கேயும் போகாது.”

சாப்பாட்டுக் கேரியரோடு ஓரமாக நின்றிருந்த ஃபிட்டரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன்னா இவர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தத் தடவை பயிற்சி பயிற்சியோடு நிற்கவில்லை. எல்லையில் நிலைமை சரியில்லை என்று, பயிற்சிக்கு வந்தவர்களை அப்படியே காவலுக்கு அனுப்பிவிட்டார்கள். போன் வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. கடைசியில் ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது.

பக்கத்தில் குண்டு வெடித்திருந்தது. கை கால் முழுசாக இருந்தன. வலது காது அடியோடு போய்விட்டது. இடது காதில் பாதிதான் மிச்சம்.

டாக்டர் மனைவியைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

“இருக்கிறதையாவது காப்பாத்திக்கணும்மா. சத்தம் இருக்கிற இடத்துக்கு அனுப்பாதீங்க. அடிபட்ட காதுக்குச் சத்தம் விஷம். இதுவும் போச்சுன்னா போனதுதான்.”

வீட்டுக்கு வந்த பிறகு மகள் ஒரு பழக்கம் பழகிக்கொண்டாள். “அப்பா” என்று கூப்பிடுவாள். பதில் வராது. சத்தம் போடாமல் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து மறுபடியும் கூப்பிடுவாள். அவர் திரும்பிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் மனைவி சமையலறைக்குள் போய்விடுவாள்.

“பட்டாளத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா அதே வேலையைக் குடுத்தாகணும்னு சட்டம் இருக்குல்ல?” என்று ஒரு நாள் மனைவி கேட்டாள்.

அவர் அவள் உதட்டையே பார்த்தார். இரண்டாம் தடவை சொன்னபோதுதான் புரிந்தது.

“முழுசாத் திரும்பி வந்தவனுக்குத்தான் அந்தச் சட்டம்.”

“அப்போ காது விஷயத்தைச் சொல்லாம இருந்துடலாமா?”

“யாராவது பின்னாலேர்ந்து கூப்பிடற வரைக்கும் மறைக்கலாம்.”

மறுநாள் அவளும் கூடவே போனாள். முதலாளி அறையில் அவரைப் பேசவிடாமல் அவளே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். டாக்டர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

முதலாளி எழுந்து வந்து ஃபிட்டரின் தோளைக் கட்டிக்கொண்டார்.

“என்னம்மா நீ! நாட்டுக்காகக் காதைக் குடுத்த மனுஷனை நடுத்தெருவுல விட்டுடுவேனா? ஃபிட்டர் வேலையை வேற ஆள் பாத்துக்கட்டும். இவருக்குன்னே ஒரு இடம் வெச்சிருக்கேன். உடம்புல தெம்பு இருக்கிற வரைக்கும் அது இவருக்குத்தான். யாரும் அசைக்க முடியாது.”

“சத்தம் மட்டும்…”

“நீ சொல்லணுமா? எனக்குத் தெரியாதா?”

அவள் கும்பிட்ட கையை இறக்கவில்லை. என்ன பேசினார்கள் என்று முழுதாகப் புரியாவிட்டாலும், அவள் முகத்தைப் பார்த்து அவரும் கும்பிட்டார்.

வெளியே வந்தால் இன்னொரு ஆச்சரியம். மொத்தப் பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் டீ வாங்கிக் கொடுத்தான். ஒருவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். தகராறு அவர் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, “வாங்கண்ணே, வாங்க” என்று உள்ளே கூட்டிப் போனான்.

அவள் தெருமுனை வரை போய்விட்டாள். அப்புறம்தான் நினைவு வந்தது. இடது பக்கம் நின்று பேசினால்தான் கேட்கும் என்று அவர்களிடம் சொல்லவில்லை. திரும்பி நடந்தாள்.

வாசலில் தகராறு நின்றிருந்தான். அவன் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. இப்போது வாயெல்லாம் பல்.

“அண்ணே, அவர் எங்கே?”

“கடைசி ரூம்ல இருக்காரு தங்கச்சி.”

கம்பியை வெட்டி, மண்டையில் அடித்து ஆணியாக்கும் மெஷின்கள் எல்லாம் அந்த அறையில்தான் இருந்தன. கதவைச் சாத்தினாலும் வாசல் வரை அதிரும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஆள் மாற்றி ஆள் முறை வைத்துத்தான் நிற்பார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

“அங்கேயா? அவர் முறை எப்போ முடியும்?”

“இனிமே முறையெல்லாம் கிடையாது. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அவர் ஒருத்தர்தான். முதலாளியோட யோசனை. எங்க எல்லாருக்கும் இன்னைக்குத்தான் உயிரே வந்துச்சு.”

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து அவன் குரலைத் தாழ்த்தினான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

“பயப்படாத தங்கச்சி. அந்தச் சத்தத்துல எங்களுக்குத்தான் மண்டை வெடிக்கும். அண்ணன் குடுத்துவெச்சவரு. அவருக்குத்தான் காது கேக்காதே!”