ஆளில்லாத கடல்

பள்ளிக்கூட முகாமில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் தட்டவில்லை.

வானத்திலிருந்து வந்துகொண்டிருந்த கல் இனி ஊர்மேல் விழாது. விண்கலம் ஒன்று போய் மோதி அதன் பாதையைக் கொஞ்சம் திருப்பிவிட்டது. தாசில்தார்தான் மைக்கில் சொன்னார்.

“இனி பயமில்லை. இன்னைக்குச் சாயங்காலம் மேற்கே ஆழ்கடல்ல விழுந்துரும். அங்க மனுஷங்களே கிடையாது.”

அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“சாரே, கடல்ல ஆளில்லன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?”

கைதட்டல் நின்றது.

அவள் புருஷன் ததேயுஸ் சூரை மீன் பிடிக்க அந்தப் பக்கம்தான் போயிருந்தான். கல்லைப் பற்றிய பேச்சு ஊருக்கு வருமுன்பே கிளம்பிய போட். அவனோடு அவள் தம்பியும் இருந்தான்.

தாசில்தார் மைக்கைக் கீழே வைத்தார். அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

ஊர் காலியாகக் கிடந்தது. மாதா கோயிலை ஒட்டிய வயர்லெஸ் அறையில் பங்குச் சாமியார் மட்டும் இருந்தார். கடலில் இருப்பவர்களுக்காக முகாமுக்குப் போகாமல் நின்றவர்.

இத்தனை நாளும் அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கரைக்கு வராதீங்க. ஆழ்கடல்லயே கெடங்க. அதுதான் பத்திரம்.

தாசில்தார் விஷயத்தைச் சொன்னதும் சாமியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“இப்பவே வரச் சொல்லுங்க, ஃபாதர்.”

“எப்படி சார் வருவாங்க? சாயங்காலம் ஆயாச்சே.”

சாமியார் அவள் பக்கம் திரும்பினார்.

“நாம பேசுறது அங்க கேக்கும்,” என்றார் சாமியார் அவளிடம். “அவங்க பேசுறதுதான் இங்க வராது. அவ்வளவு தூரம்.”

மைக்கை அவளிடம் நீட்டினார்.

அவள் பொத்தானை அழுத்தினாள். ‘கிழக்கே வாங்க’ என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கடல் சும்மா கிடந்தது. குழந்தை மைக்கின் சுருள் கம்பியைப் பிடித்து இழுத்தது.

“நாந்தான் பேசுறேன். கேக்குதா? இங்க எல்லாரும் சொகம். மோளு நடக்கத் தொடங்கியாச்சு. நேத்து முகாம்ல, யாரும் பிடிக்காம, அவளா எந்திரிச்சு நடந்தா.”

மேற்கு வானம் முழுவதும் ஒரு கணம் வெளுத்தது.

சத்தம் எதுவும் வரவில்லை.

சாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். தாசில்தார் திரும்பி நின்றார்.

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“ஒங்கள மாதிரியேதான் நடக்கா,” என்றாள்.