ஒரு கைப்பிடி வெள்ளை முடி

“பாரு நோல்ஃபா, இந்த அக்கிரமத்தைப் பாரு!”

எர்சிலியா ஒரு கைப்பிடி வெள்ளை முடியை மேஜைமேல் கொட்டினார். இன்னொரு கையில் மாவுக்கட்டு. காலடிக் கூடையில் அவருடைய பெர்ஷியன் பூனை பிரின்சிபே, யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல் கொட்டாவி விட்டது.

சிலி நாட்டு வால்பரைசோ நகரில், குன்றேறும் படிக்கட்டு ஓரத்தில் கடை போட்டு, பூனைகளைக் குளிப்பாட்டி, முடி சீவி, நகம் வெட்டிவிடுகிறவள் நோல்ஃபா.

“எங்கே கிடைச்சது, சென்யோரா?”

“பக்கத்து வீட்டுக் கிழவன் அனிசேட்டோ மாடியிலேர்ந்து என் முற்றத்துக்குப் பறந்து வருது! மத்தியானமானா என் பிள்ளை பிரின்சிபே ஜன்னல் வழியா அங்கே போறான். அந்தப் பாவி முடியைப் பிடுங்குறான்!”

தன் சயாமீஸ் பூனையுடன் காத்திருந்த பெண்மணிக்கு ரத்தம் கொதித்தது. “பூனையைக் கண்டாலே ‘போ சனியனே’ன்னு கத்துற ஆளாச்சே! போலீஸ்ல சொல்லுங்க. முதல்ல ஜன்னலைச் சாத்துங்க.”

“இன்னிக்கே சாத்துறேன்!”

நோல்ஃபாவுக்கு உண்மை தெரியும். எர்சிலியா கையை உடைத்துக்கொண்டதுமே, அனிசேட்டோ இந்தக் கடைப் பின்வாசலில் வந்து நின்றிருந்தார்.

“அவளால இனிமே சீவ முடியாது. சிக்கு விழுந்தா பூனைக்கு மொட்டைதான். அழுதே செத்துருவா. எப்படிச் சீவறதுன்னு எனக்குக் கத்துக்குடும்மா. அவகிட்ட மட்டும் மூச்சு விடாதே. நன்றி சொல்ல வந்து நின்னா எனக்குத் தாங்காது.”

ஜன்னலைச் சாத்தினால் அந்த மனுஷர் மத்தியானமெல்லாம் சீப்பும் கையுமாகக் காத்துக் கிடப்பாரே! பாவமாக இருந்தது.

“சென்யோரா, இது பிடுங்கின முடி இல்ல...”

“நீ சும்மா இரு!”

சயாமீஸ் நகம் வெட்டிக்கொண்டு கிளம்பும்வரை கிழவரைத் திட்டித் தீர்த்தார் எர்சிலியா. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“முதுகை நல்லாத்தான் சீவுறான். வயித்துப் பக்கம் ஒரே சிக்கு. அதுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடு அவனுக்கு.”

நோல்ஃபா வாயைப் பிளந்தாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“இந்தக் குன்றுல நீ பின்வாசலைத் திறந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?”

“அப்போ ஜன்னல்?”

“சாத்திட்டா பிரின்சிபே எப்படிப் போவான்?”

“அப்புறம் எதுக்கு அவரை இந்தத் திட்டு?”

“நான் திட்டினதை அந்த சயாமீஸ்காரி இந்நேரம் அவன் காதுல போட்டிருப்பா. நான் திட்டறதை நிறுத்தினா, விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு கூச்சப்பட்டு, சீப்பைத் தூக்கிப் போட்டுருவான் அந்த மனுஷன்!”