இடது கன்னம்

மதிய வெயில் ஜன்னல் வழியாக விழுந்து ஆய்வகத்து மேஜையின் ஊதாக் கறைகளை மினுக்குகிறது. புதுச் சாயப் புட்டி வந்தால், நோய்நொடி இல்லாத ஒருவரின் கன்னத்தை உள்ளே லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயம் பிடிக்கிறதா என்று பார்ப்பது இங்கே வழக்கம். தனக்கென்ன குறைச்சல் என்று டெக்னீஷியன் காலையில் தன் கன்னத்தையே சுரண்டிக்கொண்டான். கை பழக்கதோஷத்தில் இடப்பக்கம் போயிற்று, எப்போதும் புகையிலை அதக்கும் பக்கம். இப்போது மைக்ராஸ்கோப்பில் குனிந்தவன் நிமிரவில்லை. தட்டையாக, விலகி விலகிக் கிடக்க வேண்டிய செல்கள் ஒன்றின்மேல் ஒன்று முண்டியடிக்கின்றன. நடுவில் புள்ளியாக இருக்க வேண்டிய கரு வீங்கிக் கறுத்து, கோணல்மாணலாகச் செல்லையே அடைத்துக்கொண்டிருக்கிறது. சாயம்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

"தள்ளு தம்பி, நான் பாக்கறேன்." கூட வேலை செய்யும் அக்கா கண்ணைப் பொருத்துகிறாள். "சாயம் நல்லாத்தானே பிடிச்சிருக்கு?" திருகைத் திருப்பிய விரல்கள் நின்றுவிடுகின்றன. "அடக் கடவுளே, யாரோடது இது? பேரைக்கூட எழுதல. இந்த ஆளை இன்னிக்கே டாக்டர்கிட்ட அனுப்பணும்ப்பா."

தொட்டியில் குழாய் சொட்டுகிறது.

"உன்னைத்தான் கேக்கறேன். வாயைத் தொறந்து சொல்லேன்!"

சாப்பிட்டதும் அதக்கிய புகையிலை இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது. வாய் நிறைய எச்சில். துப்பினால்தான் பேச முடியும். அவன் நாக்கு அதை மெல்ல இடது கன்னத்துக்குள் இன்னும் ஆழமாக ஒதுக்குகிறது.